துள்ளிய கண்ணுக்கு எலுமிச்சம்பழம்

முதலில் ஆடியது சமையலறைக் குழாய். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு குழாய் இருந்த இடத்தில் நான்கைந்து குழாய்கள் நின்று நடுங்கின. சுவரைப் பார்த்தேன், சுவரும் நடுங்கியது. டிங்கிக் காய்ச்சலிலிருந்து எழுந்து சில நாள்தான் ஆகியிருந்தது. உடம்பில் தெம்பில்லை, அதனால்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். திறந்தபோதும் குழாய் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

இதை என்னைப் போலக் கண் துள்ளுகிறவர்களுக்காக எழுதுகிறேன். இது அபூர்வமான வியாதி என்கிறார்கள். அபூர்வமான வியாதி வந்தால் அதைவிட அபூர்வமான யோசனைகள் வீடு தேடி வரும். அவற்றைக் கொண்டுவந்தவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன்.

என் வீடு மலேசியாவில், கெடா மாநிலத்துத் திகாம் பத்துவில். வேலை சுங்கை பட்டாணியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில். பூதக்கண்ணாடிக்கு அடியில் வரும் சின்னஞ்சிறு மின்சுற்றுப் பலகைகளில் கீறலோ விட்டுப்போன பற்றவைப்போ இருந்தால் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். என் கண்தான் எனக்குச் சோறு போட்டது.

மறுநாள் அந்தக் கண்ணோடு வேலைக்குப் போனேன். மேற்பார்வையாளர் என் முகத்தை ஒருமுறைதான் பார்த்தார். "என்ன கண்ணு இப்படிப் போவுது? என்னா எடுத்த நீ?" என்றார். சிறுநீர்ச் சோதனைக்கு அனுப்பினார்கள். கழிப்பறைக் கதவுக்கு வெளியே ஒரு பெண்ணைக் காவலுக்கு நிறுத்தினார்கள். இத்தனை வருஷம் ஒரு குறை சொல்ல இடம் வைக்காமல் வேலை பார்த்த இடம் அது. சோதனையில் ஒன்றும் வரவில்லை. அவர்களிடமிருந்து ஒரு மன்னிப்பும் வரவில்லை.

கிளினிக்கில் இருந்த இளம் மருத்துவர் டார்ச் விளக்கைக்கூடத் தொடவில்லை. "ஸ்டிரெஸ்லா அக்கா. நல்லாத் தூங்குங்க" என்று தூக்க மாத்திரை கொடுத்தார். நான் நன்றாகத்தான் தூங்கினேன். விழித்ததும் விட்டத்து மின்விசிறி துள்ளியது. அதற்குள் கைகளும் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்திருந்தன. நடந்தால் கால் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

கடைசியில் டவுனில் ஒரு கண் மருத்துவர் என் கண்ணைச் சரியாகப் பார்த்தார். பார்த்ததும் அதுவரை பேசிக்கொண்டிருந்த வேடிக்கைப் பேச்சை நிறுத்திவிட்டார். "கண்ணுல ஒரு கோளாறும் இல்லம்மா. கண்ண ஆட்டி வைக்கிற மூளையிலதான் கோளாறு. இன்னைக்கே அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. தள்ளிப் போட்டா நடக்கவே முடியாமப் போகலாம்." என் கணவர் குமாரும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தலையைத் தலையை ஆட்டினார்.

வெளியே வந்து காரில் ஏறியதும், "ரெண்டு மூணு நாள் பொறுத்துக்கலாமா?" என்றார்.

அந்த வாரம் செமிலிங் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா. குமாரின் குடும்பம் அந்தத் தோட்டத்தில் இருந்து வந்தது. தோட்டத்தில் இப்போது ரப்பரும் இல்லை, ஆட்களும் இல்லை. கோயில் மட்டும் இருக்கிறது. திருவிழாவுக்கு எல்லாரும் எங்கிருந்தாலும் வந்துவிடுவார்கள். குமார் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டு கையில் காப்புக் கட்டியிருந்தார். மஞ்சள் தடவிய கயிறு அது. அது கையில் ஏறிவிட்டால் சாவு வீட்டுக்குப் போகக் கூடாது, சாவு விழுகிற ஆஸ்பத்திரிக்கும் போகக் கூடாது. தீட்டு ஒட்டிக்கொண்டால் நெருப்பு சுட்டுவிடும் என்பது நம்பிக்கை.

"எல்லாம் முடிஞ்சதும் மொத வேலையா ஒன்னக் கூட்டிட்டுப் போறேன்லா. அதுவரைக்கும் அக்கா வீட்டுல இரு" என்றார். எனக்குப் பிள்ளை இல்லை. உடன்பிறந்த ஒரே தம்பி சிங்கப்பூரில். நான் காரை ஓட்டவோ பஸ் ஏறவோ முடியாது. போனை எடுத்தால் எண்கள் கலைந்த எறும்புப் புற்றுபோல ஓடின. எங்கே கொண்டுபோய் இறக்கினாரோ அங்கேதான் நான் இருக்க முடியும்.

என் நாத்தனார் பெயர் லெட்சுமி. குமாருக்கு மூத்தவர், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கோயில் மகளிர் பிரிவில் அவர் வைத்ததுதான் சட்டம். வாசலிலேயே என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். என் கண்மணிகள் மேலும் கீழும் பக்கவாட்டிலும் துள்ளிக்கொண்டிருந்தன. கை வெட்டி இழுத்தது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அடியே வாசுகி, இது சீக்கு இல்லடி. ஆத்தா எறங்கியிருக்கா."

"அண்ணி, இது மூளையில வந்த வியாதி. டாக்டர் சொன்னாரு."

"டாக்டருக்கு என்னா தெரியும்? அவன் எத்தன பேருக்கு அருள் வந்து பாத்திருக்கான்?"

அன்று சாயங்காலமே என் கையிலும் காப்பு ஏறியது. எனக்குக் கட்டிவிட்டால் நானும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வேண்டாம் என்று கத்தினேன். "ஆத்தா கோவமா இருக்கா" என்று அங்கே கூடியிருந்த பெண்கள் சொம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரை எடுத்துத் தலையில் தெளித்தார்கள். திட்டினேன். குலவை போட்டார்கள். நான் திட்டத் திட்ட அருள் கூடுகிறது என்று அர்த்தமாம். குமார் அடுத்த அறையில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தார். அந்தத் தரையில் அப்படி என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அம்மன்மேல் ஒரு கோபமும் இல்லை. நானும் அவள் கோயிலில் பொங்கல் வைத்து வளர்ந்தவள்தான். அவள் பெயரைச் சொல்லி என் வாயை அடைத்தவர்கள்மேல்தான் கோபம்.

மறுநாள் காலை என்னைக் குளிப்பாட்டி, சிவப்புச் சேலை கட்டி, கோயில் மண்டபத்தில் ஒரு பலகையில் உட்கார வைத்தார்கள். கையில் வேப்பிலை. எதிரே பெண்கள் வரிசை. ஒவ்வொருத்தியும் ஓர் எலுமிச்சம்பழத்தை என் மடியில் வைத்துவிட்டுக் கேள்வி கேட்டாள். எனக்கு முகங்கள் தெரியவில்லை. எல்லா முகங்களும் தண்ணீரில் விழுந்த முகம்போல நடுங்கின. கண்ணை மூடிக்கொண்டால்தான் குமட்டல் கொஞ்சம் அடங்கியது.

"மகனுக்கு வேல கெடைக்குமா ஆத்தா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"முயற்சி பத்தலன்னு சொல்றா" என்று அண்ணி அதை மொழிபெயர்த்தார்.

"என்னைய வீட்டுக்கு அனுப்புங்க" என்றேன் இன்னொருத்தியிடம். அவள் மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பச் சொல்வதாக அண்ணி விளக்கினார். பாவம் அந்த மருமகள். அவளுக்கு நான் செய்த கெடுதலுக்கு இதுவரை பரிகாரம் செய்ய முடியவில்லை.

அப்புறம் ஒரு குரல் மிகவும் தணிந்து வந்தது. பெண்டாங்கிலிருந்து வந்த பாக்கியம் என்றாள். தையல் கடை வைத்திருக்கிறாளாம். என் கையைப் பிடித்து, சேலைக்கு மேலாகத் தன் இடது மார்பின் ஓரத்தில் வைத்தாள். விரலுக்கடியில் புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது.

"ஊசி வச்சிக் குத்திப் பாக்கணும்னு டாக்டர் சொல்றாங்க. கத்தி பட்டா பரவிரும்னு வீட்டுக்காரரும் மாமியாரும் விட மாட்டேங்கிறாங்க. வேர் மருந்து குடிக்கச் சொல்றாங்க. நீதான் சொல்லணும் ஆத்தா."

எனக்கு முதல்முறையாக ஒரு யோசனை வந்தது. கண்ணைத் திறந்தேன்.

"காடி வச்சிருக்கியா?" காரைத்தான் கேட்டேன்.

"வச்சிருக்கேன் ஆத்தா."

"நீயா ஓட்டுவியா?"

"ஓட்டுவேன்."

எழுந்து நின்றேன். கால் தடுமாறியது. தடுமாறியதும் நல்லதாகத்தான் போயிற்று. என்னிடம் இருந்த குரலையெல்லாம் திரட்டிக் கத்தினேன். "காடிய எடு. என்னைய ஏத்து. அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பித்திரிக்குப் போறோம். நீயும் வர்ற, நானும் வர்றேன். மறிச்சவங்கள சும்மா விட மாட்டேன்!"

அண்ணிதான் முதலில் சுதாரித்தார். "ஆத்தா, காப்புக் கட்டியிருக்கு. ஆஸ்பித்திரி தீட்டு."

"தீட்டு எனக்கா?" என்றேன்.

அதை மொழிபெயர்க்க அண்ணிக்கு வழியில்லை. கூட்டத்திலிருந்த பாக்கியத்தின் மாமியார் ஏதோ முனகினார். பூசாரி அவரைப் பார்த்துக் கையைக் காட்டி அடக்கினார். குமார் ஓடிப்போய்ப் பாக்கியத்தின் கார்க் கதவைத் திறந்துவிட்டார். அந்த இரண்டு நாளில் அவர் எனக்குச் செய்த ஒரே உதவி அதுதான். செய்தது என் சொல்லுக்காக இல்லை, ஆத்தா சொல்லுக்காக.

பாக்கியம் அக்கா ஓட்ட, பெடோங்கைத் தாண்டினோம். நான் தலையை இருக்கையில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தேன். குருண் வருவதற்குள் மனசு உறுத்தத் தொடங்கியது.

"இங்க பாருங்க அக்கா. எனக்குச் சாமியும் வரல, ஒண்ணும் வரல. இது வியாதி. ஆஸ்பித்திரிக்குப் போவ வேற வழி தெரியல, அதான் அப்படிக் கத்துனேன். வேணும்னா திருப்பிட்டுப் போங்க, என்னைய எங்கயாச்சும் எறக்கி விட்ருங்க."

பாக்கியம் அக்கா வேகத்தைக் குறைக்கவில்லை.

"தெரியும்டி. எந்த ஆத்தா காடி இருக்கா, நீயா ஓட்டுவியான்னு கேப்பா? எனக்கு மட்டும் வேற வழி இருந்துச்சா? ஏங் வீட்டுல எவனும் எதிர்த்துப் பேச முடியாத வாயி ஒண்ணு வேணும். அதத் தேடித்தான் வந்தேன்."

பிறகு கொஞ்ச நேரம் அழுதார். அழுதுகொண்டே சரியாகத்தான் ஓட்டினார்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிப் போனார்கள். சிவப்புச் சேலையும் மஞ்சளும் வேப்பிலையுமாக நான் இருந்த கோலத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. நரம்பியல் மருத்துவர் ஒரு மலாய்ப் பெண். விரலை என் முகத்துக்கு நேரே பிடித்து, "காக், தெங்கோக் சினி" (அக்கா, இங்கே பாருங்கள்) என்றார். பார்க்க முயன்றேன். கண் எல்லாப் பக்கமும் ஓடியது. அவர் என் தோளைத் தொட்டு, இதற்குப் பெயர் இருக்கிறது என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். போதைப் பழக்கம், மன அழுத்தம், அருள் என்று மூன்று பெயர் வைத்தாகிவிட்டது. இது வியாதிதான், இதற்குப் பெயரும் உண்டு என்று ஒருவர் தோளைத் தொட்டுச் சொன்னது அப்போதுதான்.

பெயர் ஆப்ஸோக்ளோனஸ் (கண்கள் எல்லாத் திசையிலும் கட்டுக்கடங்காமல் துள்ளும் நிலை). காய்ச்சல் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி, கிருமி போன பிறகும் அடங்காமல் மூளையைத் தாக்கியிருக்கலாம் என்றார். உடம்பில் ஒளிந்திருக்கும் புற்றுக்கட்டியாலும் இதே துள்ளல் வருமாம். அதனால் தலை முதல் இடுப்பு வரை படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

கையில் ஊசிக் குழாய் ஏற்ற இடம் வேண்டுமென்று தாதி காப்பைக் காட்டினாள். வெட்டுங்கள் என்றேன். கத்தரிக்கோல் பட்டபோது பாக்கியம் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அறுந்த கயிற்றைக் கீழே போட விடாமல் வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

மருந்து ஏறத் தொடங்கிய பிறகு மருத்துவரிடம் கேட்டேன். எல்லாருக்கும்தான் கண் அசைகிறது, எனக்கு மட்டும் ஏன் உலகம் ஆடுகிறது?

அவர் பாக்கியம் அக்காவிடம் ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்தார். அதில் உங்கள் இடக் கண்ணைப் பாருங்கள், பிறகு வலக் கண்ணைப் பாருங்கள் என்றார். உங்கள் கண் நகர்ந்தது தெரிந்ததா?

"இல்லியே. எங்க நகந்துச்சு?" என்றார் அக்கா.

எனக்குத் தெரிந்தது என்றார் மருத்துவர். பிறகு நிதானமாக விளக்கினார். நம் கண் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவுகிறது. இந்தத் தாவலுக்கு சக்காட் என்று பெயர். தாவும்போது கண்ணில் விழுவது வெறும் இழுவல்தான். அது நமக்குத் தெரியாமலிருக்க, தாவச் சொல்லிக் கட்டளையிடும் மூளையே அந்தக் கணத்துக்குப் பார்வையைத் தணித்துவிடுகிறது. பிறகு முன்னையும் பின்னையும் சேர்த்து ஒட்டிக் கொடுக்கிறது. நாம் கொஞ்ச நேரம் குருடாக இருந்தோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் இது நடக்கிறது. பிறகு என் பக்கம் திரும்பி, உங்கள் தாவல்களுக்கு யாரும் கட்டளையிடவில்லை, நடுவில் ஓய்வும் இல்லை. மூளையால் மறைத்து மாளவில்லை என்றார்.

தொழிற்சாலையில் பயிற்சி கொடுத்தவர் எங்களை விரட்டியது நினைவுக்கு வந்தது. கண்ணை ஓட்டாதே, ஒரு புள்ளியில் நிறுத்து, பார், பிறகு அடுத்ததற்குப் போ என்பார். ஓட்டிப் பார்த்தவர்களிடம்தான் பழுதான பலகைகள் தப்பின. அது வெறும் கெடுபிடி என்று நினைத்திருந்தேன். இருட்டில் தாவிக்கொண்டிருந்திருக்கிறோம்.

முதலில் ஸ்டீராய்டு (எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து) கொடுத்தார்கள். அது கோபத்தைக் கூட்டும் என்று எச்சரித்தார்கள். என் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு இம்யூனோகுளோபுலின் (பிறர் தானமாகக் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதம்) சொட்டுச் சொட்டாக ஏறியது. யார் யார் இரத்தமோ. முன்பின் தெரியாதவர்கள் என் உறவினர்களைவிட எனக்கு அதிகம் செய்திருக்கிறார்கள்.

குமார் காப்பை அவிழ்த்த பிறகு வந்தார். பாதம் சுடவில்லையாம். சந்தோஷம் என்றேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். நான் சமாதானம் சொல்லவில்லை. மன்னித்துவிட்டாயா என்று இப்போதும் கேட்கிறார். சோறு போடுகிறேன், துணி துவைக்கிறேன். அதற்கு மேல் இன்னும் வரவில்லை.

படங்கள் வந்தன. என் உடம்பில் எங்கும் கட்டி இல்லை. அதே ஆஸ்பத்திரியில் ஊசி குத்திப் பார்த்த பாக்கியம் அக்காவின் சோதனை முடிவும் அதே வாரம் வந்தது. அவருடையது புற்றுநோய். எனக்காகச் சந்தோஷப்பட்டவர் அவர் ஒருவர்தான், அந்த நாளிலும்.

உலகம் ஒரேயடியாக நின்றுவிடவில்லை. ஒருநாள் மருந்துப் பை தொங்கிய கம்பியின் கொக்கி ஒரு மூச்சு நேரம் அசையாமல் நின்றது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். பிறகு தலைப்புச் செய்தியின் எழுத்துகள் ஒன்றுக்கொன்று முட்டாமல் நின்றன. சுவரையும் குமாரின் தோளையும் பிடித்து நடந்தேன், பிறகு தோளை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் பிடித்து நடந்தேன். ஸ்டீராய்டால் முகம் ஊதிப் பூசணிக்காயானது. பல மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். என் நாற்காலியில் வேறொருத்தி இருந்தாள். என்னைப் பெட்டி கட்டும் பிரிவில் போட்டிருக்கிறார்கள். அங்கே கண் எப்படி இருந்தால் என்ன என்று நினைத்திருப்பார்கள்.

அண்ணி ஒருமுறை வந்தார். என் கண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, "ஊசியப் போட்டு ஆத்தாள வெரட்டிட்டல்ல" என்றார். தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். வாசற்கதவைச் சாத்தியது கொஞ்சம் பலமாகத்தான் கேட்டிருக்கும்.

உங்கள் கண்ணும் துள்ளி, உங்கள் வீட்டாரும் எலுமிச்சம்பழத்தோடு வந்தால் வாதாடிச் சக்தியை வீணாக்காதீர்கள். பலகையில் ஏறி உட்காருங்கள். காரை எடுக்கச் சொல்லுங்கள்.

போன மாதம் எனக்கு மறுபடி பயம் வந்தது. சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் நொடி முள் முதலில் அசையாமல் நின்றது, பிறகுதான் ஓடியது. வியாதி திரும்பிவிட்டது என்று நினைத்தேன். மருத்துவர் சிரித்துவிட்டார். இது எல்லாருக்கும் இருக்கிறது, நீங்கள் இப்போதுதான் கவனிக்கிறீர்கள் என்றார். கண் தாவிய நேரத்தின் இருட்டை மூளை காலியாக விடாது. தாவி முடிந்து முதலில் எதைப் பார்க்கிறதோ அதையே எடுத்து அந்த இடைவெளியில் வைத்து நிரப்பும். அதனால் அந்த முதல் நொடி நீண்டதுபோலத் தெரியும். நேரம் ஒரே சீராக ஓடுகிறது என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன். அந்தச் சீரே என் தலைக்குள் ஒட்டுப்போட்டுத் தைக்கப்பட்டதுதான்.

இன்று பாக்கியம் அக்காவோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறேன். அறுவை முடிந்து, மருந்தும் முடிந்து, நோய் வேறெங்காவது பரவியிருக்கிறதா என்று இன்று சொல்வார்கள். தலையில் துணி கட்டியிருக்கிறார். வீட்டார் யாரும் வரவில்லை. பெயரைக் கூப்பிட்டதும் நானும் எழுந்தேன்.

"நீ உள்ள வராத. ஓங் வாயி சும்மா இருக்காது, டாக்டர்கிட்ட சண்ட போடுவ" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

நடைக்கூடத்துச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நொடி முள் நின்றது. உண்மையில் நிற்கவில்லை, என் மூளை செய்கிற வேலை என்று தெரியும். ஓடத் தொடங்கியதும் கண்ணை எடுத்துக் கதவில் வைத்தேன். திரும்பவும் கடிகாரத்துக்குத் தாவினேன். மறுபடி நின்றது. அப்படியே கதவுக்கும் கடிகாரத்துக்குமாகத் தாவிக்கொண்டே இருந்தேன். அவர் வெளியே வரும்வரை, ஒவ்வொரு தடவையும் அது எனக்காகக் கொஞ்சம் நின்று கொடுத்தது.